கடற்கொள்ளைப் படங்களில் பதற்றம் எங்கே இருக்கிறது: துப்பாக்கியிலா, தொலைபேசியிலா?

நெய்தல்:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே இரண்டு படங்களின் முடிவும் வெளிப்படையாகப் பேசப்படும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

சோமாலியக் கடற்கொள்ளைப் படம் என்றதும் எல்லோரும் சொல்வது பால் கிரீன்கிராஸ் இயக்கிய 'கேப்டன் பிலிப்ஸ்'. 2013இல் வந்தது. டாம் ஹாங்க்ஸ் இருக்கிறார், அமெரிக்கக் கடற்படை இருக்கிறது, ஆறு ஆஸ்கர் பரிந்துரைகளும் இருக்கின்றன. அதற்கு முந்தைய ஆண்டே டென்மார்க்கிலிருந்து டோபியாஸ் லிண்ட்ஹோம் இயக்கிய 'எ ஹைஜாக்கிங்' வந்துவிட்டது. இரண்டையும் அண்மையில் அடுத்தடுத்து மறுபடி பார்த்தேன். பதற்றம் என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் டேனிஷ் படமே ஒரு படி மேல் என்பது என் கட்சி.

காரணத்தைச் சொல்கிறேன். ஒரு கப்பலைக் கைப்பற்ற அரை மணி நேரம் போதும். அதன் பிறகு மாலுமிகள் மாதக்கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள். பணயக்கைதியின் வாழ்க்கை என்பது அந்தக் காத்திருப்புதான். கொள்ளையர் கப்பலில் ஏறும் காட்சியைத் திறமையான இயக்குநர்கள் பலரும் எடுத்துவிடுவார்கள். காத்திருப்பதைப் பதற்றமாக்குவது அரிது. லிண்ட்ஹோம் கப்பல் பிடிபடும் காட்சியைப் படத்தில் வைக்கவே இல்லை. சமையல்காரர் மிக்கெல் மனைவியிடம் தொலைபேசியில் வீடு திரும்பும் நாளைப் பற்றிப் பேசுகிறார். அடுத்து நாம் பார்ப்பது கோபன்ஹேகன் அலுவலகத்தை. கப்பல் கடத்தப்பட்டது என்ற செய்தி நிறுவனத் தலைவர் பீட்டரிடம் சொல்லப்படுகிறது. அவ்வளவுதான்.

பீட்டரை நமக்கு அறிமுகம் செய்வதே ஒரு பேரத்தில்தான். ஜப்பானிய நிறுவனத்தாரோடு உட்கார்ந்து விலையை விடாப்பிடியாகக் குறைத்துக் காட்டுகிறார். அந்தத் திறமையில் அவருக்கு இருக்கும் பெருமிதமே பிறகு அவருக்கு வினையாகிறது. வெளியாள் ஒருவரைப் பேச வைக்கும்படி நிபுணர் சொல்லியும் கேட்காமல் தானே தொலைபேசியை எடுக்கிறார். எதிர்முனையில் ஒமர். தான் கொள்ளையன் அல்ல, இடையில் நின்று பேசுகிறவன் மட்டுமே என்று சாதிக்கிறவன். அவர்கள் கேட்பது 1.5 கோடி டாலர். பீட்டர் முதலில் தர முன்வருவது 2.5 லட்சம் டாலர். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் ஏழு உயிர்கள்.

அந்த அறையை நினைத்துப் பாருங்கள். மேசைமேல் ஒலிபெருக்கி, சுற்றிலும் நாற்காலிகள், தொலைபேசி இணைப்பில் ஓயாத இரைச்சல். சொன்ன சொல் போய்ச் சேர்ந்து பதில் வருவதற்குள் ஒரு சின்ன இடைவெளி. ஒரு கட்டத்தில் பீட்டர் பொறுமை இழந்து கத்துகிறார். எதிர்முனையில் துப்பாக்கி வெடிக்கிறது, இணைப்பு அறுந்துவிடுகிறது. யார் சுடப்பட்டார்கள், உண்மையிலேயே யாராவது சுடப்பட்டார்களா என்பது அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அடுத்த அழைப்பு எப்போது வரும் என்பதும் தெரியாது. போர்க்கப்பல்களும் ஹெலிகாப்டர்களும் சேர்ந்துகூட எனக்குத் தராத நெஞ்சடைப்பை அந்த மேசையும் ஒலிபெருக்கியும் தந்தன.

மூன்றாம் பொறியாளர்:

நெய்தல் அவர்களே, காத்திருப்பைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு மறுப்பு இல்லை. ஆனால் கப்பலில் வேலை செய்தவன் என்ற முறையில் 'கேப்டன் பிலிப்ஸ்' படத்தின் முதல் ஒரு மணி நேரத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஏறும் காட்சியை யாரும் எடுத்துவிடுவார்கள் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பெரும்பாலான படங்களில் கப்பல் வெறும் மேடை, மாலுமிகள் வெறும் கூட்டம். இந்தப் படத்தில்தான் கப்பல் ஓர் இயந்திரமாக, மாலுமிகள் அதை இயக்கத் தெரிந்தவர்களாக வருகிறார்கள்.

உண்மைச் சம்பவம் 2009 ஏப்ரல் 8 அன்று நடந்தது. மெர்ஸ்க் அலபாமா என்ற சரக்குக் கப்பல் இருபது அமெரிக்க மாலுமிகளுடன் கென்யாவின் மொம்பாசாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. படத்தில் ராடார் திரையில் இரண்டு புள்ளிகள் தெரிகின்றன. அங்கிருந்து ஒவ்வொரு நகர்வும் கப்பல்காரர்களின் கணக்கில் நடக்கிறது. கேப்டன் வேகத்தைக் கூட்டச் சொல்கிறார். கடற்படையோடு பேசுவதுபோல் ரேடியோவில் தானே நாடகம் ஆடுகிறார், அதை ஒட்டுக்கேட்ட ஒரு படகு பின்வாங்கிவிடுகிறது. சுக்கானை இடமும் வலமும் திருப்பி அலையைக் கிளப்புகிறார். தீயணைப்புக் குழாய்கள் கப்பலின் இரு பக்கமும் நீரைப் பீய்ச்சுகின்றன. அதில் ஒரு குழாய் மட்டும் கட்டு விட்டுப் போகிறது. கொள்ளையர் ஏணியைக் கொண்டுவந்து சாத்துவது சரியாக அந்த இடைவெளியில்தான்.

இதை ரசிக்கப் பின்னணி கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கப்பலைக் காப்பவை இரண்டு: வேகம், நீர்மட்டத்திலிருந்து தளம் இருக்கும் உயரம். அந்தக் காலத்தில் கப்பல் நிறுவனங்களுக்கான பாதுகாப்பு வழிகாட்டி நூலே, 18 நாட் (மணிக்கு 18 கடல் மைல்) வேகத்துக்கு மேல் போகும் கப்பலில் கொள்ளையர் ஏறியதாகத் தகவல் இல்லை என்று எழுதியிருந்தது. சரக்கு நிறைய ஏற்றிய கப்பலுக்கு இரண்டுமே இருக்காது. மெதுவாகப் போகும், தளமும் தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கும். ஏடன் வளைகுடாவைக் கடக்கும்போது எங்கள் கப்பலிலும் சுற்றிலும் முள்கம்பிச் சுருள்கள் கட்டுவோம். பழைய பாய்லர் சூட் (வேலையின்போது போடும் முழு உடுப்பு) ஒன்றில் துணியை அடைத்து ஆள் நிற்பதுபோல் தளத்தில் நிறுத்துவோம். இரவுக் காவலை இரட்டிப்பாக்குவோம். தொலைவில் ஒரு மீன்பிடிப் படகைப் பார்த்தால்கூட பிரிட்ஜில் (கப்பலைச் செலுத்தும் மேல் அறையில்) எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

பிறகு எஞ்சின் அறை. மாலுமிகள் மின்சாரத்தை நிறுத்திவிட்டு உள்ளே ஒளிந்துகொள்கிறார்கள். ஓடும் எஞ்சின் அறையில் எப்போதும் காதைப் பிளக்கும் சத்தம், அதற்குப் பழகியவர்கள் நாங்கள். அங்கே சத்தம் நின்றால் நெஞ்சு பதறும். காற்றாடிகள் நின்றதும் வெக்கை ஏறிக்கொண்டே போகும், சட்டை உடலோடு ஒட்டும், கைவிளக்கு இல்லாமல் அடுத்த படி தெரியாது. அந்த இருட்டில் வழியை அறிந்தவன் மாலுமி, அறியாதவன் துப்பாக்கி வைத்திருப்பவன். வெறுங்காலோடு வரும் கொள்ளையனுக்காக வாசலில் கண்ணாடிச் சில்லுகளைப் பரப்பி வைக்கும் காட்சியை மறக்க முடியுமா? நிஜத்திலும் அலபாமாவின் தலைமைப் பொறியாளர்தான் இருண்ட எஞ்சின் அறையில் கொள்ளையர் தலைவனைப் பிடித்து அடக்கினார்.

இரவுக்காட்சி:

பொறியாளர் ஐயா கப்பலைப் பற்றிச் சொன்னதைக் காட்சிமொழியில் சொல்ல எனக்கு ஆசை.

'கேப்டன் பிலிப்ஸ்' படத்தின் பதற்றம் இடம் சுருங்குவதில் இருக்கிறது. முதலில் கண்ணுக்கெட்டிய வரை கடல். பிறகு நூற்றைம்பது மீட்டருக்குமேல் நீளும் ஒரு கப்பல். பிறகு பிரிட்ஜ், எஞ்சின் அறை. கடைசியில் கொள்ளையர் கேப்டனைக் கொண்டுபோகும் மூடிய உயிர்காப்புப் படகு. அதற்குள் ஐந்து பேர். நிமிர்ந்து நிற்க இடமில்லை, வெளியே பார்க்கச் சின்னச் சின்னக் கண்ணாடிகள், புழுக்கம், காயம்பட்ட கை, தீர்ந்துபோகும் தண்ணீர். படகு உள்ளே சுருங்கச் சுருங்க, வெளியே போர்க்கப்பல்கள் பெருத்துக்கொண்டே போகின்றன. பெயின்பிரிட்ஜ் என்ற போர்க்கப்பல் வருகிறது, அதைத் தொடர்ந்து மற்றவை வருகின்றன, அமெரிக்கக் கடற்படையின் சீல் சிறப்புப் படையினர் வானிலிருந்து பாராசூட்டில் குதிக்கிறார்கள். ஒரு கட்டத்தில் நம் பயம் யாருக்காக என்பதே குழம்பிவிடுகிறது. அந்த நான்கு இளைஞர்களும் தப்பப்போவதில்லை என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. அவர்களுக்கு மட்டும் தெரியவில்லை. கடற்படை அந்தப் படகைக் கயிறு கட்டி இழுத்துவரும்போது கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருட்டித் தூரத்தைக் குறைக்கிறார்களே, அங்கே எனக்கு மூச்சு முட்டியது.

நெய்தல் சொன்ன டேனிஷ் படம் இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. அங்கே இடம் மாறுவதே இல்லை, காலம்தான் நீள்கிறது. இத்தனையாவது நாள் என்று திரையில் எழுத்து வரும்போதெல்லாம் அது முந்தைய எண்ணிலிருந்து எவ்வளவு தாவியிருக்கிறது என்று பார்க்கிறோம். காட்டப்படாத நாட்கள்தான் வதைக்கின்றன. இரண்டு வழிகளும் கைதேர்ந்தவை, ஒன்றை வைத்து மற்றதைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை.

நடிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு கொள்ளையராக நடித்தவர்களும் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் வாழும் சோமாலியச் சமூகத்திலிருந்து வந்தவர்கள். திறந்த தேர்வுக்கு எழுநூறுக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். தலைவன் மூசேயாக வரும் பர்கத் அப்டிக்கு இதுதான் முதல் படம். பிரிட்ஜுக்குள் நுழையும் காட்சி வரை டாம் ஹாங்க்ஸையும் இவர்களையும் இயக்குநர் சந்திக்கவே விடவில்லை. அந்த முதல் பார்வையில் இருக்கும் திகில் நடிப்பு மட்டும் அல்ல. இப்போது நான்தான் கேப்டன் என்று பர்கத் அப்டி சொல்லும் புகழ்பெற்ற வசனமும் அந்த இடத்தில் அவராகவே சொன்னது. அந்த ஆண்டு சிறந்த துணை நடிகருக்கான பிரிட்டனின் பாஃப்டா திரைப்பட விருது அவருக்குக் கிடைத்தது. முழுப் படத்தையும் தாங்கிய ஹாங்க்ஸுக்கு ஆஸ்கர் பரிந்துரைகூட வரவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம்.

கூர்நோக்கு:

நண்பர்களே, கலைநயம் எல்லாம் சரி. டேனிஷ் படத்தைப் பார்த்தபோது எனக்கு வந்தது கோபம். மனிதர்கள் கழிப்பறைகூட இல்லாத அறையில் அடைபட்டுக் கிடக்கிறார்கள். இங்கே குளிரூட்டிய அறையில் சட்டை கசங்காத ஒருவர் சில லட்சம் டாலர் கூட்டலாமா என்று நாள் கடத்துகிறார். நிறுவனத்திடம் பணம் இருக்கிறது. கேட்டதைக் கொடுத்து ஆட்களை மீட்க வேண்டியதுதானே? உயிருக்குப் பேரம் பேசுவதை நாம் ஏன் பதற்றம் என்று ரசிக்க வேண்டும்?

நெய்தல்:

கூர்நோக்கு, உங்கள் கோபம் நியாயமானது. படம் அதைத்தான் கிளறிவிடப் பார்க்கிறது. மிக்கெலின் மனைவி அந்த அலுவலகத்தில் வந்து நிற்கும்போது பீட்டரால் அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. ஆனாலும் உடனே பணம் கொடுத்தால் ஆட்கள் உடனே வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கைதான் இந்த விஷயத்தில் மிகப் பெரிய ஆபத்து. கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

கப்பலைப் பிடித்தவனுக்கு நிறுவனத்தின் பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பது தெரியாது. அதைக் கண்டுபிடிப்பதற்காகத்தான் 1.5 கோடி என்று ஆரம்பிக்கிறான். நீங்கள் முதல் வாரத்திலேயே 50 லட்சத்துக்குச் சம்மதித்தால் அவன் மகிழ்ந்து கப்பலை விடமாட்டான். இவ்வளவு சுலபமாகத் தருகிறவனிடம் இன்னும் இருக்கும் என்று முடிவுகட்டிப் பழைய தொகைக்கே திரும்புவான். வந்த பணத்தை வாங்கிக்கொண்டு அதை முதல் தவணை என்று சொல்லவும் செய்வான். அதனால்தான் பேசுகிறவர்கள் குறைவாகத் தொடங்கி, ஒவ்வொரு முறையும் முந்தையதைவிடச் சிறிய தொகையாகக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். கூட்டும் தொகை சுருங்கிக்கொண்டே வந்தால் பெட்டி காலியாகிறது என்று எதிராளி நம்புவான். கடைசித் தொகை வட்டமான எண்ணாக இருக்கவே கூடாது. சேகரிக்க முடிந்த எல்லாவற்றையும் துடைத்து எடுத்துக் கொடுத்ததுபோல் இருக்க வேண்டும். இதில் கருணைக்கு இடமே இல்லை, ஆனால் இதைவிட விரைவாக ஆட்களை மீட்ட வழியும் அப்போது யாரிடமும் இல்லை.

இந்த நுணுக்கங்கள் படத்தில் இவ்வளவு இயல்பாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. பீட்டருக்கு ஆலோசனை சொல்லும் நிபுணராக நடித்த கேரி போர்ட்டர் நிஜ வாழ்க்கையிலும் அதே வேலையைச் செய்தவர். அவர் முகத்தில் நடிப்பே தெரியாது. பீட்டர் உணர்ச்சிவசப்படும்போது அவர் குரலை உயர்த்துவதில்லை.

பணம் கைமாறுவதும் எளிதான காரியம் அல்ல. 2008 நவம்பரில் பிடிபட்ட சிரியஸ் ஸ்டார் எண்ணெய்க் கப்பலுக்கு அடுத்த ஆண்டு ஜனவரியில் பணம் வானிலிருந்து பாராசூட்டில் இறக்கப்பட்டது. அமெரிக்கக் கடற்படை எடுத்த புகைப்படத்தில் அந்தப் பொதி கப்பலின்மேல் இறங்குவதைப் பார்க்கலாம். பங்கை எடுத்துக்கொண்டு கரைக்குத் திரும்பிய கொள்ளையரின் படகு கவிழ்ந்து ஐந்து பேர் மூழ்கினார்கள் என்ற செய்தியும் அப்போது வந்தது.

சங்குமுகம்:

இவ்வளவு நேரம் கப்பலிலும் அலுவலகத்திலும் நின்று பேசினோம். கரையிலும் கொஞ்சம் நிற்போம்.

1991இல் சியாத் பாரே ஆட்சி விழுந்த பிறகு சோமாலியாவுக்குக் கடலைக் காக்க யாரும் இல்லை. அந்நிய இழுவைப் படகுகள் வந்து மீனை அள்ளிக்கொண்டு போயின. முதலில் படகெடுத்துப் போனவர்களில் பலர், நாங்கள் எங்கள் கடலின் காவலர்கள் என்று சொல்லிக்கொண்டுதான் போனார்கள். ஆனால் 2008 வாக்கில் அது முழுத் தொழிலாகிவிட்டது. முதல் போடுகிறவர்கள், தரகர்கள், சிறு படகுகளைக் கடலுக்குள் கொண்டுபோகும் தாய்க்கப்பல், கரையில் காவல், மென்றால் போதை தரும் காட் இலையைக் கடனுக்கு விற்கிறவர்கள் என்று ஒரு சங்கிலி. 2005 ஏப்ரல் முதல் 2012 டிசம்பர் வரை 33.9 கோடி முதல் 41.3 கோடி டாலர் வரை பிணைத்தொகையாகப் போயிருக்கலாம் என்று உலக வங்கி 2013இல் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. உயிரைப் பணயம் வைத்து ஏணியில் ஏறுகிறவனுக்கு அதில் கிடைப்பது 30,000 முதல் 75,000 டாலர். கரையில் வாங்கித் தின்ற கடனையும் அதில்தான் கழித்துக்கொள்வார்கள். பெரும் பங்கு முதல் போட்டவனுக்கு.

'கேப்டன் பிலிப்ஸ்' இதைத் தொட்டுக் காட்டுகிறது. சோமாலியாவின் எய்ல் ஊர்க் கரையில் ஆயுதத்தோடு வந்திறங்கும் ஆட்கள், இன்றைக்குக் கப்பல் பிடித்தே ஆக வேண்டும் என்று மிரட்டுகிறார்கள். கூலிக்கு ஆள் எடுப்பதுபோல் இளைஞர்கள் முண்டியடிக்கிறார்கள். அலபாமாவில் இருந்த சரக்கில் ஒரு பகுதி ஆப்பிரிக்காவுக்கான நிவாரண உணவு என்பதும் உண்மை. அதைக் கேப்டன் சொல்லும்போது மூசே தரும் பதிலில் கசப்பு இருக்கிறது. மீன் பிடிப்பதையும் ஆள் கடத்துவதையும் விட்டால் வேறு பிழைப்பே இல்லையா என்று கேப்டன் கேட்கும் இடம் இன்னும் முக்கியமானது. அமெரிக்காவில் இருக்கலாம் என்கிறான் அவன். படத்தின் அரசியல் எல்லாம் அந்த ஒரு பதிலில் இருக்கிறது.

டேனிஷ் படத்தில் இந்தக் கரை அறவே இல்லை. கொள்ளையர் பேசும் சோமாலிக்குத் துணைத்தலைப்புகூடப் போடவில்லை. ஒமரைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் துப்பாக்கி பிடித்த உருவங்கள், அவ்வளவுதான். நெய்தல் அந்தப் படத்தை இவ்வளவு உயர்த்திப் பேசும்போது இந்தக் குறையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிஜ மூசே 2011 பிப்ரவரியில் நியூயார்க் நீதிமன்றத்தில் 33 ஆண்டு 9 மாதச் சிறைத் தண்டனை பெற்றான். அவன் வயது என்ன என்பதிலேயே வழக்கில் சண்டை. முதல் போட்டவர்களில் எத்தனை பேர் கூண்டில் ஏறினார்கள்?

நெய்தல்:

துணைத்தலைப்பு இல்லாததை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. மிக்கெலுக்கு அந்த மொழி தெரியாது. தலைக்கு மேல் யாரோ கத்தினால் அது சோற்றுக்கான சண்டையா, தன்னைக் கொல்வதற்கான உத்தரவா என்று அவருக்குப் புரியாது. நமக்கு மட்டும் புரிந்துவிட்டால் அந்த அறைக்குள் நாம் இல்லை. மீன் பிடிபட்டதும் கைதிகளும் காவலர்களும் சேர்ந்து பாடும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் எல்லோரும் மனிதர்களாகிவிடுகிறார்கள். அடுத்த நிமிடம் துப்பாக்கி பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. வசனம் புரியாததால் அந்த மாற்றம் எப்போது வரும் என்று முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். ஆனால் கரையைக் காட்டவில்லை என்று நீங்கள் சொல்வது உண்மை. இந்தப் படம் தனக்கு எல்லை வகுத்துக்கொண்டு அதற்குள் ஆழமாகத் தோண்டுகிறது.

மூன்றாம் பொறியாளர்:

நெய்தல் அவர்களின் முதல் பதிவுக்கே திரும்பி வருகிறேன். காத்திருப்பு என்று அவர் சொன்னது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு எவ்வளவு பெரியது என்பதைப் பதிவு செய்ய வேண்டும்.

'கேப்டன் பிலிப்ஸ்' ஐந்து நாள் கதை. ஏப்ரல் 8 அன்று கேப்டன் பிடிபட்டார், 12ஆம் தேதி கடற்படை வீரர்கள் மூவரைச் சுட்டு அவரை மீட்டார்கள். அமெரிக்கக் கொடி பறந்த கப்பல், அமெரிக்கக் கேப்டன். உலகத்தில் மிகப் பெரும்பாலான மாலுமிகளுக்கு அப்படி ஒரு கடற்படை வராது. கப்பலின் உரிமையாளர் ஒரு நாடு, கொடி இன்னொரு நாடு, மாலுமிகள் நான்கைந்து நாடு. யார் பொறுப்பு என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள்.

ஆஸ்பால்ட் வெஞ்சர் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 செப்டம்பரில் பிடிபட்டது. மாலுமிகள் பதினைந்து பேரும் இந்தியர்கள். 2011 ஏப்ரலில் பணம் போய்ச் சேர்ந்தது. கொள்ளையர் எட்டுப் பேரை மட்டும் கப்பலோடு விட்டுவிட்டு ஏழு பேரைக் கரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இந்தியக் கடற்படை பிடித்து வைத்திருக்கும் எங்கள் ஆட்களை விடுங்கள் என்று நிபந்தனை போட்டார்கள். அந்த ஏழு பேரும் வெளியே வந்தது 2014 அக்டோபரில். நான்கு ஆண்டுகள்! அல்பீடோ கப்பல் 2010 நவம்பரில் பிடிபட்டது. அதிலும் இந்தியர், இலங்கையர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர் இருந்தார்கள். பேச்சு முடிவதற்குள் 2013இல் அந்தக் கப்பலே கடலில் மூழ்கிவிட்டது. எஞ்சியவர்கள் மீண்டது 2014 ஜூனில். நஹாம் 3 என்ற மீன்பிடிக் கப்பலில் இருந்தவர்கள் 2012 முதல் 2016 வரை இருந்தார்கள். எலி பிடித்துத் தின்றதாக அவர்களில் ஒருவர் சொன்னார்.

இன்னொரு செய்தி, இங்கே பலருக்குப் புதிதாக இருக்கலாம். டேனிஷ் படத்தில் வரும் ரோசன் கப்பல் செட் அல்ல. அதே பெயரில் நிஜமாகவே ஓடிய கப்பல். 2007 பிப்ரவரியில், சோமாலியாவுக்கு உணவு நிவாரணம் இறக்கிவிட்டுத் திரும்பும்போது அது உண்மையிலேயே கடத்தப்பட்டது. அன்று அதில் இருந்த பன்னிரண்டு பேரில் ஆறு பேர் இலங்கையர், ஆறு பேர் கென்யர். கேப்டனும் இலங்கையர்தான். படத்தில் மிக்கெல் ஒடுங்கி உட்காரும் அந்தச் சுவர்கள் முன்பே ஒரு முறை இதைப் பார்த்தவை. இதை அறிந்த பிறகு மறுபடி பார்த்தேன். கப்பலின் அழுக்கும் துருவும் வேறு மாதிரித் தெரிந்தன.

சம்பள விஷயமும் பேச வேண்டும். பிடிபட்ட மாலுமியின் ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டால் சம்பளத்தை நிறுத்திவிட்ட நிறுவனங்கள் உண்டு. வீட்டில் இருப்பவர்களுக்கு ஆளும் இல்லை, மாதப் பணமும் இல்லை. கடத்தலில் இருக்கும் காலம் முழுவதும் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும் என்று கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் திருத்தம் கொண்டுவந்தது 2018இல்தான். நடைமுறைக்கு வந்தது 2020 டிசம்பரில். இதை வைத்து எந்தப் படமும் இதுவரை என் கண்ணில் படவில்லை. அந்த மாலுமியின் வீட்டைக் களமாக வைத்து ஒருவர் எடுத்தால் அதைவிடப் பதற்றமான படம் இருக்காது என்பேன்.

கூர்நோக்கு:

ஐயா, நன்றி. இதைத்தான் எதிர்பார்த்தேன். அப்படியென்றால் எஞ்சின் அறையில் ஒளிந்துகொள்வது படத்துக்காகச் செய்தது இல்லையா? நிஜத்திலும் அது பலன் தருமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். எச்சரிக்கைகளைப் பொருட்படுத்தாமல் கரைக்கு மிக அருகில் கப்பலைச் செலுத்தினார் என்று கேப்டன்மீது அலபாமா மாலுமிகள் சிலர் குறை சொன்னார்கள், நிறுவனத்தின் மீது வழக்கும் போட்டார்கள். படம் அதைப் பற்றி மூச்சே விடவில்லையே?

மூன்றாம் பொறியாளர்:

தம்பி, ஒளிவது பலன் தரும், ஆனால் கடைசி ஆள் வரை உள்ளே போயிருந்தால்தான். ஒரே ஒருவர் வெளியே சிக்கிக்கொண்டாலும் கதை முடிந்தது, அவர் தலையில் துப்பாக்கியை வைத்து மற்றவர்களை வெளியே வரச் சொல்வார்கள். எல்லோரும் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் கடற்படை துணிந்து ஏறும். அதனால் உள்ளே தண்ணீர், உணவு, மருந்து, வெளியுலகத்தோடு பேச ஒரு வழி, உள்ளிருந்தே எஞ்சினை நிறுத்த ஒரு வழி எல்லாம் வேண்டும். 2011 அக்டோபரில் மான்டிகிறிஸ்டோ என்ற இத்தாலியக் கப்பலில் இந்தியர்கள் உட்பட 23 பேர் இப்படிப் பூட்டிக்கொண்டார்கள். பேசும் வழி துண்டிக்கப்பட்டுவிட்டது. நாங்கள் எல்லோரும் பத்திரமாக உள்ளே இருக்கிறோம் என்று ஒரு தாளில் எழுதிப் பாட்டிலில் போட்டு, மின்னும் விளக்கோடு சேர்த்துக் கப்பலின் வட்டச் சன்னல் வழியாகக் கடலில் எறிந்தார்கள். அது கடற்படையின் கைக்குக் கிடைத்தது. பிரிட்டிஷ், அமெரிக்கப் போர்க்கப்பல்கள் நெருங்கியதும் கொள்ளையர் சரணடைந்தார்கள். இதைக் கதையில் எழுதினால் நம்பமாட்டோம்.

வழக்கைப் பற்றி: படம் கேப்டன் எழுதிய புத்தகத்தை அடிப்படையாகக் கொண்டது. அவர் நின்ற இடத்திலிருந்துதான் பார்க்கும். மாலுமிகள் நின்ற இடம் வேறு. இருபது பேர் இருந்த கப்பலில் ஒருவர் பெயரைத் தலைப்பில் வைத்தபோதே அது முடிவாகிவிட்டது. தலைமைப் பொறியாளருக்கு இன்னும் அதிகமாக இடம் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட ஆதங்கம்.

இரவுக்காட்சி:

முடிவுகளைப் பற்றி யாரும் பேசவில்லையே. 'கேப்டன் பிலிப்ஸ்' படத்தின் கடைசிக் காட்சியில் மீட்கப்பட்ட கேப்டனைப் பரிசோதிக்கும் பெண் நடிகை அல்ல, கடற்படையின் உண்மையான மருத்துவ ஊழியர். முன்கூட்டி எழுதிய வசனம் இல்லாமல், நோயாளி வந்தால் எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசுகிறார். அவர் நிதானம் குலையாமல் கேட்கக் கேட்க, ஹாங்க்ஸ் உடைந்து போகிறார். வெற்றி பெற்ற கதையின் முடிவில் நாயகனுக்குப் பேச்சே வரவில்லை. அந்தக் காட்சி ஒன்றுக்காகவே அந்தப் படத்தை நான் யாரிடமும் பரிந்துரைப்பேன்.

டேனிஷ் படத்தின் முடிவை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பேரம் 33 லட்சம் டாலரில் முடிந்துவிட்டது, கொள்ளையர் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். மிக்கெல் கழுத்தில் கிடக்கும் திருமண மோதிரத்தை ஒருவன் பறிக்கிறான். அதை மீட்கக் கேப்டன் குறுக்கே போகிறார், சுட்டுவிடுகிறார்கள். எல்லாம் முடிந்த பிறகு ஒரு மோதிரத்துக்காக ஏன் உயிரை விட வேண்டும்? இயக்குநர் நம்மைக் காயப்படுத்த வேண்டும் என்று வலிந்து வைத்ததுபோல் எனக்குப் படுகிறது.

மூன்றாம் பொறியாளர்:

வலிந்து வைத்தது இல்லை அம்மா. பணம் வந்து சேர்ந்ததிலிருந்து கடைசி ஆள் இறங்கும் வரை உள்ள அந்த நேரம்தான் மிக ஆபத்தானது. பணத்தைப் பங்கு போடுவதில் அவர்களுக்குள் சண்டை வரும். கூட்டம் கூட்டமாக இறங்குவார்கள், கடைசியாக நிற்பவனுக்குத் தன் பங்கு குறைந்துவிட்டது என்ற ஆத்திரம் இருக்கும், கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போவான். அப்போது எதற்கும் குறுக்கே நிற்காதீர்கள், போவதைப் போக விடுங்கள் என்றுதான் மாலுமிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கேப்டனுக்கு அது தெரியாமல் இருக்காது.

ஆனால் அவர் நிலையை யோசியுங்கள். மாதக்கணக்காக அந்தக் கப்பலில் அவர் கேப்டனாகவே இல்லை. தன் ஆட்களுக்காகப் பேசவோ எதையும் தடுக்கவோ அவரால் முடியவில்லை. கொள்ளையர் இறங்கத் தொடங்கியதும், கப்பல் தன் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். தன் மாலுமியின் பொருளை ஒருவன் பறிப்பதைப் பார்த்து ஒரு கேப்டன் செய்ய வேண்டியதைச் செய்தார். அது நடந்தது ஓர் ஐந்து நிமிடம் முன்னால், அவ்வளவுதான். நான் வேலை செய்த கேப்டன்களில் அப்படிக் கை நீட்டக்கூடியவர்களை என்னால் இப்போதே பெயர் சொல்ல முடியும்.

நெய்தல்:

இந்த விளக்கத்துக்காகவே மூன்றாவது முறையும் பார்க்கப்போகிறேன். பீட்டர் கோணத்திலும் இது பொருந்துகிறது. நிபுணர் சொன்ன எல்லாவற்றையும் செய்து, தொகையை 1.5 கோடியிலிருந்து 33 லட்சத்துக்கு இறக்கிக் கணக்கில் ஜெயித்துவிட்டார். அந்த மோதிரம் அவர் கணக்கில் எங்கேயும் இல்லை.

புதிதாகப் பார்க்கப்போகிறவர்களுக்கு: முதலில் 'கேப்டன் பிலிப்ஸ்', ஒரு நாள் இடைவெளி விட்டு 'எ ஹைஜாக்கிங்'. வரிசையை மாற்றினால் அமெரிக்கப் படம் அவசர அவசரமாக ஓடுவதுபோல் தோன்றும், அது அந்தப் படத்துக்குச் செய்யும் அநியாயம். டேனிஷ் படத்தைக் கைபேசியின் ஒலிபெருக்கியில் பார்க்காதீர்கள், ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். தொலைபேசி வரியின் இரைச்சலுக்குள் பின்னால் யார் பேசுகிறார்கள், யார் நடக்கிறார்கள் என்று பீட்டர் எப்படிக் காதைத் தீட்டிக் கேட்கிறாரோ அப்படித்தான் நாமும் கேட்க வேண்டும்.